வைமேயாவின் மாட்டுக்காரர்

அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் கௌபாய்களுக்கென்றே ஒரு தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. குதிரையேறி மாடு பிடிக்கும் போட்டிகளுக்கு அங்கே ரோடியோ என்று பெயர். அருங்காட்சியகத்தின் ரோடியோ புகழ்க்கூடத்தில் 1999-இல் இக்குவா பர்டி என்ற பெயரைச் சேர்த்தார்கள். டெக்சஸ்காரர் இல்லை, மொன்டானாக்காரரும் இல்லை. பசிபிக் கடலின் நடுவே ஹவாய்த் தீவில் 1873 டிசம்பர் 24-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பிறந்தவர். மாட்டோடும் குதிரையோடும் வாழ்ந்து, 1945 ஜூலை 4-ஆம் தேதி இறந்துபோனார். புகழ்க்கூடத்துக்காரர்களுக்கு அவர் ஞாபகம் வர 54 வருஷம் ஆகியிருக்கிறது. அவரும் அதற்காகக் காத்திருந்த ஆளாகத் தெரியவில்லை.

கௌபாய் என்றால் என் வயதுக்காரர்களுக்கு இரண்டே வாசல்தான். ஒன்று, ஜெய்சங்கர் தொப்பி போட்டுக்கொண்டு குதிரையேறிய படங்கள். இன்னொன்று, சிவகாசியிலிருந்து வரும் காமிக்ஸ். இரண்டிலும் கௌபாயிடம் துப்பாக்கி இருக்கும், குதிரை இருக்கும், பழிவாங்க ஒரு வில்லன் இருப்பான். மாடு மட்டும் இருக்காது. பெயரிலேயே மாடு இருக்கிற ஒரு தொழிலில் மாட்டை யாருமே காட்டவில்லையே என்று அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை. நாலு மாடு கட்டியிருந்த வீட்டில் வளர்ந்தும் உறைக்கவில்லை.

இக்குவாவின் கதையில் மாடுதான் முதலில் வருகிறது, அவருக்கு எண்பது வருஷம் முன்னாலேயே.

ஹவாயில் முதலில் மாடே கிடையாது. 1793-இல் ஜார்ஜ் வான்கூவர் என்ற பிரிட்டிஷ் கப்பல் தளபதி, மாமன்னர் கமேஹமேஹாவுக்கு அன்பளிப்பாகச் சில மாடுகளைக் கொண்டுவந்து இறக்கினார். அடுத்த வருஷம் இன்னும் சில. இவை பெருகட்டும், பத்து வருஷத்துக்கு யாரும் கை வைக்கக்கூடாது என்று மன்னரிடம் கேட்டுக்கொண்டார். மன்னர் தடை போட்டார். அங்கே அரசரின் தடையை மீறினால் உயிர் போகும். அதனால் மாடுகள் எல்லாத் தோட்டத்திலும் புகுந்து கிழங்கைத் தோண்டித் தின்றன, கூரை ஓலையைத் தின்றன, ஜனங்கள் கல்சுவர் எழுப்பித் தங்களைத்தான் காப்பாற்றிக்கொண்டார்கள். அடிக்க ஆளில்லை, தின்ன புலியில்லை. மௌனா கியா மலையின் காடுகளுக்குள் ஏறிய மாடுகள் அங்கேயே ஈன்று, மனிதன் முகமே பார்க்காத கன்றுகளாக வளர்ந்து, முப்பது நாற்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. நீளக் கொம்பு, மூர்க்கம்.

அந்த மாடுகளைப் பிடிக்கக் குழி வெட்டினார்கள். 1834-இல் டேவிட் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்து தாவரவியலாளரின் உடல் அப்படி ஒரு குழிக்குள் கிடைத்தது. ஏற்கெனவே அதில் விழுந்திருந்த காளையும் உள்ளேயே இருந்தது. டக்ளஸ் ஃபிர் என்று ஒரு மரம் உலகமெங்கும் அவர் பெயரில் நிற்கிறது. ஆள் முடிந்தது மாட்டுக் குழியில். யாரோ அடித்துத் தள்ளிவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு அன்றிலிருந்து உண்டு.

மூன்றாம் கமேஹமேஹா காலத்தில் தடை நீங்கியது. மாட்டைச் சுட்டால் தோலும் கொழுப்பும் மட்டும்தான் மிஞ்சும், உயிரோடு பிடித்தால் பண்ணை வைக்கலாம். அப்போது கலிபோர்னியா மெக்சிகோவின் பகுதி. 1830-களில் அங்கிருந்து வக்கேரோக்கள், அதாவது மெக்சிகோ மாட்டுக்காரர்கள் சிலரை மன்னர் வரவழைத்தார். அவர்கள் சேணம் செய்யவும், குதிரை பழக்கவும், தோல் கயிறு முறுக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். எஸ்பான்யோல் பேசியவர்கள் என்பதால் ஹவாய்க்காரர்கள் வாயில் அது பனியோலோ ஆகி, பிறகு மாட்டுக்காரர் எல்லோருக்குமே அதுதான் பெயர். கித்தாரும் அவர்களோடு வந்ததுதான். டெக்சஸிலிருந்து வடக்கே ஆயிரம் மைல் மந்தை ஓட்டிப்போன கௌபாய்களின் காலம் உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1860-களின் கடைசியில்தான் தொடங்குகிறது. அமெரிக்காக்காரர்கள் தங்கள் ஆதித்தொழில் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை ஹவாய்க்காரர்கள் அதற்கு முப்பது வருஷம் முன்பே செய்துகொண்டிருந்தார்கள்.

மௌனா கியாவின் அடிவாரத்து ஊர்தான் வைமேயா. அங்கே ஜான் பால்மர் பார்க்கர் என்ற மாசசூசெட்ஸ்காரர், கப்பலிலிருந்து இறங்கியவர் திரும்ப ஏறாமல் தங்கிவிட்டார். மன்னருக்காகக் காட்டு மாடு சுட்டார், அரச குடும்பத்துப் பெண்ணைக் கட்டினார், 1847-இல் 2 ஏக்கர் நிலம் வாங்கினார். அந்த 2 ஏக்கர்தான் பார்க்கர் பண்ணை ஆயிற்று. ஒரு காலத்தில் அதன் எல்லை எங்கே முடிகிறது என்று ஒரே நாளில் குதிரையில் போய்ப் பார்க்க முடியாது. விற்றும் பிரித்தும் போக, இன்றைக்கும் ஏறக்குறைய 1,30,000 ஏக்கர்.

இக்குவா அந்தப் பார்க்கரின் கொள்ளுப்பேரன். ஹவாய் ரத்தமும் அயர்லாந்து ரத்தமும் கலந்த குடும்பம். கொள்ளுப்பேரன் என்றதும் ஜமீன் வாரிசு என்று நினைத்துவிடக்கூடாது. சொத்து வேறு கிளைகளில் இறங்கியது. இவர் பண்ணையில் வேலைபார்த்தவர். பெரிய குடும்பத்தில் ஒரு கிளைக்குக் காணியும் இன்னொரு கிளைக்கு அந்தக் காணியில் வேலையும் வருவது நமக்குப் புதிதா என்ன. ஆனால் நான் படித்தவரையில் இக்குவாவிடம் அந்தக் கசப்பு பேசப்படவே இல்லை. பேசப்படுவதெல்லாம் அவருடைய கயிறு.

அந்தக் கயிற்றைப் பற்றி நானும் கொஞ்சம் பேசியாக வேண்டும். சணல் கயிறு அல்ல. பச்சைத் தோலை ஒரே நீளமான வாராக வட்டமாக அறுத்துக்கொண்டே வந்து, மயிர் சுரண்டி, இழுத்துக் காயவைத்து, கொழுப்புத் தடவிப் பதப்படுத்தி, நாலு புரியாகப் பின்னுவார்கள். தோலில் ஒரு வெட்டுக்காயமோ உண்ணிக்கடித் தழும்போ இருந்தால் அந்த இடத்தில்தான் பின்னால் அறும். அதனால் தோலுரிக்கும்போதே கயிற்றுக்கு எது, மற்றதுக்கு எது என்று பார்த்துவிடுவார்கள். கயிறு அறுந்தால் மறுமுனையில் இருப்பது முட்ட வரும் காட்டுக்காளை. ஆகவே ஒவ்வொருவரும் தன் கயிற்றைத் தானேதான் பின்னிக்கொள்வார்கள், அல்லது தன் உயிரை நம்பி ஒப்படைக்கக்கூடியவரிடம் வாங்குவார்கள். வீசி விழுந்ததும் கயிற்றின் இந்த முனையைச் சேணத்தின் முன்னால் நிற்கும் மரக்குமிழில் சரக்கென்று இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அந்தச் சுற்றுக்குள் கட்டைவிரல் மாட்டினால் விரல் போயிற்று. ஈபன் லோ என்று ஒருவர், இந்தக் கதையில் இனி வருவார், கயிறு வீசும்போது நேர்ந்த விபத்தில் ஒரு கையையே இழந்தவர். அதன் பிறகும் ஒற்றைக் கையால் மாடு பிடித்துக்கொண்டிருந்தார்.

மௌனா கியா காட்டில் மாடு பிடிப்பது இப்படி. எரிமலைக் குழம்பு இறுகிய கரடுமுரடான சரிவு, இடையே மரங்கள், பனிமூட்டம். துரத்திப் போய்க் கொம்பில் சுருக்கு வீசிப் பிடித்த காளையை அங்கேயே ஒரு மரத்தில் தலையை ஒட்டக் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். ராத்திரி முழுக்க அது இழுத்து, முட்டி, களைத்துப்போகும். மறுநாள் நன்றாகப் பழகிய ஒரு எருதைக் கூட்டிப்போய், அதன் கழுத்தோடு காட்டுக்காளையின் கழுத்தைப் பிணைத்து, மரத்துக் கட்டை அவிழ்த்துவிட்டு, மனிதர்கள் கிளம்பிவிடுவார்கள். எருதுக்கு வீடு தெரியும், தீனி இருக்கும் இடமும் தெரியும். இழுத்துக்கொண்டு வந்து சேர்த்துவிடும். இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் புதுக் கன்றை ஏருக்குப் பழக்கும்போது வலத்தில் கிழட்டு மாடு ஒன்றைப் பூட்டுவார்கள். அப்பா ஒரு கிழட்டு மயிலையை அதற்காகவே விற்காமல் வைத்திருந்தார். மயிலை பாட்டுக்குச் சாலில் போகும், கன்று துள்ளித் துள்ளிப் பார்த்துவிட்டு நாலாம் நாள் கூடவே நடக்கும்.

(ஜல்லிக்கட்டோடு ஒப்பிட்டு யாராவது கேட்பீர்கள். அது திருவிழா, இது கூலிவேலை. அங்கே காளை வாடிவாசலிலிருந்து வெளியே போக வேண்டும், இங்கே அது பட்டிக்குள் வர வேண்டும். விட்டுவிடுவோம்.)

பிடித்த மாட்டை வளர்த்தால் போதாது, விற்க வேண்டுமே. சந்தை இருந்தது இன்னொரு தீவில், ஹோனலூலுவில். வைமேயாவிலிருந்து கவாய்ஹாய் கடற்கரை வரைக்கும் மாட்டை ஓட்டிவர வேண்டும். பகல் வெயிலில் ஓட்டினால் மாடு எடை இறங்கும் என்பதால் நடுராத்திரிக்கு மேல் கிளப்பி விடியும்போது கரையில் நிறுத்துவார்கள். அங்கே துறைமுகம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. கப்பல் ஆழத்தில் நிற்கும். கரையோரப் பட்டியிலிருந்து ஒவ்வொரு மாடாகச் சுருக்குப் போட்டு, குதிரையை அலைக்குள் இறக்கி, மாட்டையும் இழுத்துக்கொண்டு நீந்திப் போக வேண்டும். இடுப்பளவு தண்ணீர், கழுத்தளவு தண்ணீர், பிறகு குதிரைக்குக் கால் எட்டாது. குதிரையும் நீந்தும், மாடும் நீந்தும், நடுவில் சேணத்தின்மேல் ஆள். நடுக்கடலில் காத்திருக்கும் படகில் கயிற்றைக் கொடுத்தால், படகுக்காரர்கள் மாட்டின் தலையை வெளிப்பக்கமாகப் படகு விளிம்பில் கட்டுவார்கள். இந்தப் பக்கம் நாலைந்து, அந்தப் பக்கம் நாலைந்து. முகம் மட்டும் தண்ணீருக்கு மேலே. படகு கப்பலை ஒட்டியதும் ஒவ்வொரு மாட்டின் வயிற்றுக்கடியிலும் அகலப்பட்டை கொடுத்து மேலிருந்து தூக்குவார்கள். சொட்டச் சொட்ட, நாலு காலும் ஆகாயத்தில் தொங்க, மாடு கப்பலேறும்.

அந்தக் காலத்துப் புகைப்படங்கள் இருக்கின்றன, தேடிப் பாருங்கள். நான் மிக நேரம் பார்த்தது மாட்டை அல்ல, குதிரையின் கண்ணை. நுரைக்கு நடுவே அது முன்னால் மட்டும்தான் பார்க்கிறது. இந்த வேலைக்கென்று தனியாகக் கனத்த குதிரைகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். சுறாவும் வருமாம். இக்குவாவுக்கு இது வருஷம் முழுக்க, ஆயுள் முழுக்க நடந்த வேலை. வைமேயாவை விட்டு மௌவி தீவுக்குப் போன பிறகும், அங்கே உலுபலக்குவா பண்ணையின் மாடுகள் மக்கேனா என்ற துறையில் இதே முறையில்தான் கப்பலேறின.

இப்போது 1908-க்கு வரலாம். உலகம் இக்குவாவை நினைவில் வைத்திருப்பதே இந்த ஒரு வருஷத்துக்காகத்தான்.

வயோமிங் மாநிலத்தின் ஷையென் நகரில் 1897-இலிருந்து ஒவ்வொரு கோடையிலும் பெரிய ரோடியோ நடக்கிறது. 1907-இல் அதைப் பார்க்கப் போயிருந்தார் ஒற்றைக் கை ஈபன் லோ. சொந்தப் பண்ணை நடத்தியவர், வாய்ச்சாதுரியம் உள்ளவர். இங்கே வென்றவர்களைவிட எங்கள் ஊர்ப் பையன்கள் நன்றாகப் பிடிப்பார்கள் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அடுத்த வருஷம் மூன்று பேரை அழைத்துப் போக ஏற்பாடு செய்தார். தன் தம்பி ஜாக் லோ, ஆர்ச்சி காவுவா, இக்குவா பர்டி. எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவுமுறை. கப்பலில் சான் பிரான்சிஸ்கோ, அங்கிருந்து ரயிலில் ஷையென். சேணமும் கயிறும் கொண்டுபோனார்கள். குதிரை கொண்டுபோக முடியவில்லை.

அவ்வளவுதானே, குதிரைதானே என்று தோன்றும். ஆனால் அந்தப் போட்டியில் பாதி வேலை குதிரையுடையது. காயடித்த பெரிய காளை ஒன்றை முன்னால் ஓடவிடுவார்கள். அது குறிப்பிட்ட தூரம் தாண்டியதும் நீங்கள் துரத்தலாம். கொம்பில் சுருக்கு விழுந்ததும் கயிற்றை மாட்டின் மறுபக்கமாகப் போட்டுவிட்டுக் குதிரையைச் சாய்வாகத் திருப்பி ஓட்டினால் மாடு நிலைதடுமாறி விழும். விழுந்த கணத்தில் நீங்கள் குதித்து ஓட வேண்டும், மாட்டின் மூன்று கால்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும். அந்த நேரமெல்லாம், மேலே ஆளே இல்லாத குதிரை தானாகவே கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு அடி முன்னால் வந்தால் கயிறு தளரும், மாடு எழுந்துவிடும். எழுந்தால் முதலில் பார்ப்பது உங்களைத்தான். இதற்காகத்தான் ரோடியோக்காரர்கள் வருஷக்கணக்கில் ஒரே குதிரையைப் பழக்குவார்கள். ஹவாய்க்காரர்களுக்குக் கிடைத்தது இரவல் குதிரை. அதன் பேர் தெரியும், குணம் தெரியாது.

ஊரும் அப்படித்தான். ஷையென் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,000 அடி உயரம், வைமேயாவைப்போல இரண்டு மடங்குக்கு மேல். தொப்பியில் பூமாலை சுற்றி, பளிச்சென்ற சட்டையோடு வந்த பழுப்புநிற மனிதர்களைப் பார்த்து வேடிக்கைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். கடலுக்கு நடுவில் இருக்கிற தீவில் ஏது மாடு, ஏது கௌபாய்.

ஆகஸ்ட் 22, இறுதிச் சுற்று. இக்குவா தன் மாட்டைப் பிடித்து, விழவைத்து, கட்டி முடிக்க ஆன நேரம் 56 விநாடி. உலகப் பட்டம் அவருக்கு. முந்தின வருஷச் சாம்பியன் ஆங்கஸ் மெக்ஃபீ இரண்டாமிடம். ஆர்ச்சி மூன்றாமிடம். ஜாக் லோ ஆறாமிடம். மூன்று பேர் போய் மூன்று பேருமே முதல் ஆறுக்குள். இன்றைய ரோடியோவில் இதே போட்டியைப் பத்து விநாடியை ஒட்டி முடிக்கிறார்கள் என்று யாரேனும் கூகுளில் பார்த்துவிட்டு வந்து சொல்லலாம். அன்றைய மாடுகள் பெரியவை, துரத்துமுன் அவற்றை ஓடவிடும் தூரமும் அதிகம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

ஹவாயில் இந்தச் செய்தி விழுந்த விதத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு கணக்கும் தெரிய வேண்டும். 1893-இல் அவர்களுடைய அரசி லிலியுவோகலானியை, சர்க்கரை முதலாளிகளும் அவர்களுக்குத் துணையாகக் கரையிறங்கிய அமெரிக்கக் கடற்படையினரும் சேர்ந்து இறக்கினார்கள். 1896-இல் பள்ளிகளில் ஆங்கிலம்தான் என்று சட்டம் வந்தது, ஹவாய் மொழி வகுப்பறையை விட்டு வெளியேறியது. 1898-இல் நாட்டையே அமெரிக்கா இணைத்துக்கொண்டது. சரியாகப் பத்து வருஷம் கழித்து அமெரிக்காவின் நட்ட நடுவே, அமெரிக்கா தன்னுடையது என்று பெருமைப்பட்ட தொழிலிலேயே ஒரு ஹவாய்க்காரர் ஜெயித்துவிட்டார். திரும்பி வந்தவர்களை மாலைக்குள் புதைத்துவிட்டார்கள். பாட்டுக் கட்டினார்கள். அந்தப் பாட்டுகள் இன்னும் பாடப்படுகின்றன.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. அதற்குப் பிறகு இக்குவா பட்டத்தைக் காக்க ஷையெனுக்குத் திரும்பிப் போகவே இல்லை. சர்க்கஸ் பாணியில் கௌபாய் சாகசக் காட்சி நடத்தி ஊர் ஊராகச் சம்பாதித்த காலம் அது. உலகச் சாம்பியன் என்ற போஸ்டர் போட்டால் நன்றாகவே ஓடியிருக்கும். இவர் பண்ணைக்கு வந்தார், வேலைக்குப் போனார். சில வருஷத்தில் மௌவி தீவுக்கு மாறினார். ஹாலேயாகலா எரிமலையின் தெற்குச் சரிவில் உள்ள உலுபலக்குவா பண்ணையில் ஃபோர்மேன் ஆனார். சாகும்வரை அதே வேலை.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய அடக்கத்தைப் புகழ்வார்கள். எனக்கென்னவோ அது பொருத்தமாகப் படவில்லை. அடக்கம் என்றால் ஏதோ ஆசையை அடக்கிக்கொண்டதுபோல இருக்கிறது. அவருக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. பெரிய குடும்பம் இருந்தது. ஷையெனில் ஒரு மாட்டைக் கட்டினால் கைதட்டுவார்கள், உலுபலக்குவாவில் காலைக்குள் ஒரு மந்தையைக் கட்டினால்தான் கப்பல் புறப்படும். கைத்திறமை இரண்டுக்கும் ஒன்றேதான். அதை வைத்து எதைச் செய்வது என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. நம்மூரில் நல்ல தச்சர் ஒருவருக்கு விருது கொடுத்தால், மறுநாள் பட்டறைக்குப் போகாமல் வேறெங்கே போவார்?

ஃபோர்மேன் என்றால் நிழலில் நின்று ஏவுகிறவர் இல்லை. மழை பெய்யாத பக்கத்திலிருந்து பெய்த பக்கத்துக்கு மந்தையை எப்போது மாற்றுவது, எந்தத் தொட்டியில் தண்ணீர் நிற்கிறது, எந்தக் கிடாரி சினை, எந்தக் குதிரைக்குக் குளம்பு கெட்டிருக்கிறது, புதிதாக வந்த பையனுக்கு எந்தக் குதிரையைக் கொடுத்தால் விழமாட்டான், எல்லாம் அவர் தலைமேல். சூடுபோடும் நாளில் முதலில் வருவதும் கடைசியில் போவதும் அவர்தான். பனியோலோக்களின் கூட்டம் அப்போது ஹவாய்க்காரர்கள் மட்டுமாக இல்லை. கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஜப்பானியர், போர்த்துகீசியர் எல்லாம் பண்ணைகளிலும் சேர்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடம் துரத்திவிட்ட ஹவாய் மொழி குதிரைமேல் உட்கார்ந்திருந்தது. ஜப்பானியப் பையனும் மாட்டை அதட்டவும், கயிறு கேட்கவும், ஆபத்து என்று கத்தவும் ஹவாய் மொழியில்தான் கற்றுக்கொண்டான்.

தொழில் குடும்பத்துக்குள் இறங்கிய விதமும் அப்படித்தான். பனியோலோ வீட்டுப் பிள்ளைகள் நடை பழகும்போதே சேணத்தில் அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். பெண்களும் நன்றாகக் குதிரையேறுவார்கள், விழா நாட்களில் நீளத் துணி சுற்றிக் குதிரையில் ஊர்வலம் போவது அங்கே பழைய வழக்கம். தொப்பிக்கு மாலை கட்டுவது பெண்கள் வேலை என்று நினைக்க வேண்டாம். மலையில் கிடைக்கும் பெரணியையும் பூவையும் பறித்து, மத்தியான ஓய்வில் முரட்டு விரல்களால் தொப்பிக்கு மாலை கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார்கள் ஆண்கள். பர்டி என்ற பெயரை இன்றைக்கும் ஹவாய் ரோடியோப் பட்டியல்களில் பார்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஷையெனில் தோற்ற சாம்பியன் ஆங்கஸ் மெக்ஃபீயை நினைவிருக்கிறதா? அவர் ஹவாய்க்கே வந்து குடியேறிவிட்டார். வந்து நிர்வாகியாக இருந்தது எந்தப் பண்ணையில் என்றால், அதே உலுபலக்குவாவில். பிறகு எதிரே கடலில் தெரியும் கஹோலாவே என்ற சின்னத் தீவைக் குத்தகைக்கு எடுத்து மாடு வளர்த்தார். பேர்ல் ஹார்பர் தாக்குதலை ஒட்டிக் கடற்படை அந்தத் தீவைக் குண்டுவீச்சுப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. வயோமிங்காரர் தீவுக்கு வந்து தீவையே பறிகொடுத்தார். வயோமிங்கை ஜெயித்தவர் வயோமிங் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

தங்கை குடும்பத்தோடு ஹவாய் போனபோது எல்லோரும் எரிமலை பார்க்க வேண்டும் என்றார்கள், நான் வைமேயாவுக்கு வண்டியைத் திருப்பச் சொன்னேன். மச்சான் இன்னும் சொல்லிக்காட்டுகிறார். நீலக் கடலும் தென்னையும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அந்த ஊர் ஏமாற்றமாகத்தான் இருக்கும். குளிர் காற்று, சன்னத் தூறல், பச்சைக் குன்றுகள், வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள். சாலையின் ஒரு பக்கம் நனைகிறது, கொஞ்ச தூரம் போனால் காய்ந்த புல். ஊர் நடுவில் பார்க்கர் பண்ணைக் கடைவளாகத்தின் முன்னால், 2003-இல் வைத்த இக்குவாவின் வெண்கலச் சிலை. பின்னால் ஒரு சூப்பர்மார்க்கெட், வண்டி நிறுத்துமிடம். நிறையப் பேர் நிமிர்ந்து பார்க்காமல் மளிகை வாங்கிக்கொண்டு போனார்கள். தங்கை மகள் மட்டும் சிலையைச் சுற்றி வந்து, "மாமா, இவர் யாரைச் சுட்டார்?" என்றாள். யாரையும் சுடலைடா, மாடு பிடிச்சார் என்றேன். "அவ்ளோதானா?" என்றாள். நீந்திக்கொண்டே மாடு பிடிப்பதைச் சொன்னதும், குதிரைக்கு நீச்சல் தெரியுமா, யார் சொல்லிக்கொடுத்தது, மாட்டுக்கு மூக்கில் தண்ணீர் போகாதா என்று ஹோட்டல் வரைக்கும் விடவில்லை.

இக்குவா இறந்த ஜூலை 4 அமெரிக்காவுக்குச் சுதந்திர தினம். அந்தத் தேதியை ஒட்டித்தான் வைமேயாவில் பார்க்கர் பண்ணை ரோடியோ நடத்துகிறது. மௌவியிலும் மக்காவோ ஊரில் அதே சமயம் ஒரு ரோடியோ. அவர் பிறந்த தீவு, இறந்த தீவு இரண்டிலும். அங்கே நடக்கும் போட்டிகளில் பாதி ஷையெனிலும் உண்டு. ஹவாயில் மட்டுமே நடக்கும் ஒன்றும் இருக்கிறது. மைதானத்தில் கவைபோலப் பிரிந்த ஒரு கம்பத்தை நட்டிருப்பார்கள். ஓடும் மாட்டைச் சுருக்குப் போட்டுப் பிடித்து, இழுத்துவந்து, கயிற்றை அந்தக் கவைக்குள் கொடுத்து மாட்டின் தலை கம்பத்தை ஒட்டும்வரை இழுத்துக் கட்ட வேண்டும். கம்பம் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் மௌனா கியாவின் மரம் நின்றது. யார் சீக்கிரம் கட்டுகிறாரோ அவருக்குப் பரிசு.